இத்துப்போச்சு

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழுகிற சொல் அது. கயிறு இத்துப்போச்சு. கூரையோலை இத்துப்போச்சு. மடி இத்துப்போச்சு. பாட்டாவின் வேட்டி இத்துப்போச்சு. எழுதும்போது ‘இற்றுப்போயிற்று’ என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் அதில் ஈரமும் இருக்காது, உப்பும் இருக்காது. அம்மை அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலில் ஒரு சலிப்பு இருக்கும். அடுத்த செலவுக்கு எங்கே போவது என்கிற கவலை இருக்கும். அதை நல்ல சொல் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

குமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேருகிற இடம் மணக்குடி. ஆற்றுக்கு மேற்கே மேலமணக்குடி, கிழக்கே கீழமணக்குடி, நடுவில் காயல். ஆறும் கடலும் சந்திக்கிற வாயைப் பொழி என்போம். கோடையில் அலை மணலைக் குவித்துப் பொழியை அடைத்துவிடும். பையன்கள் நாங்கள் அந்த மணல்மேட்டில் நடந்தே அக்கரைக்குப் போய்வருவோம். மழை வலுத்து ஆறு பெருகினால் ஒரே ராத்திரியில் பொழி உடையும். காலையில் எழுந்து பார்த்தால் கடல் கூப்பிடுதூரத்துக்குச் செம்மண் நிறத்தில் கிடக்கும். ஆறு கொண்டுவந்த வாழைத்தடையும் ஆகாயத்தாமரையும் தென்னம்பாளையும் கரை நெடுக ஒதுங்கியிருக்கும். ஆடுகள் முதலில் வரும். பிறகு அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கும் பெண்கள். ஒரு வாரத்தில் கரை பழையபடி வெறும் மணலாகிவிடும்.

காயலோரம் கதம்பை அழுகிக்கொண்டிருக்கும். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் உப்புநீரில் ஊறப்போட்டு, அடித்து, தும்பு எடுத்துக் கயிறு திரிப்பார்கள். அந்த வாடையை வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள். எங்களுக்கு அது வீட்டு வாடை. இன்றைக்கும் எங்காவது தேங்கிய நீரின் நாற்றம் வந்தால், மற்றவர்கள் முகம் சுளிக்கும்போது நான் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

பாட்டா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் வலையை விடவில்லை. அப்போது எங்கள் வீட்டில் பாதி வலை நூல்வலை, அதாவது பருத்தி. பருத்திக்கு உப்பும் ஆகாது, ஈரமும் ஆகாது. கடலிலிருந்து வந்ததும் அலசி மணலில் விரித்துக் காயவைத்தாக வேண்டும். ஆடி மாதம் வெயில் முகம் காட்டாவிட்டால் வலை புழுங்கிவிடும். அது இற்றுப்போகாமல் இருக்க சாயம் போடுவது ஒரு பெரிய வேலை. புளியங்கொட்டைத் தோலை ஊறவைத்துக் காய்ச்சினால் கறுஞ்சிவப்பாக ஒரு சாறு இறங்கும். பனிச்சங்காய் கிடைத்தால் அதையும் இடித்துப் போடுவார்கள். அதில் வலையை முக்கி எடுப்பார் பாட்டா. அவர் கை முழங்கை வரைக்கும் எப்போதும் அந்த நிறம்தான். அவர் செத்துக் கிடத்தியிருந்தபோது வெள்ளை வேட்டிக்கு மேல் அந்த இரண்டு கைகளும் மட்டும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

வலை பார்க்கும்போது பாட்டா ஒரு கண்ணியை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் வைத்து இழுப்பார். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் முகம் சுருங்கும். “இத்துப்போச்சு மக்கா.” நாலைந்து இடத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் அந்த வலைக்குக் கடல் முடிந்தது. பிறகு அது பாகல்கொடிக்குப் பந்தலாகும். பந்தலிலும் கிழிந்த பின் கோழிக்குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும். கடைசியில் தென்னை மூட்டில் போய்ச் சேரும். அடுத்த மழையில் தேடினால் ஒரு நூல்கூட அகப்படாது.

எல்லாப் பொருளுக்கும் அங்கே அப்படி ஒரு முடிவு இருந்தது. கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையின் நீளக் கயிறு தென்னந்தும்பு; அறுந்தால் கட்டிலுக்கு, அதற்கும் ஆகாவிட்டால் அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. மீன் சுமக்கிற கடவமும் பிடித்த மீனைப் போடுகிற பறியும் பனையோலை. சந்தையில் மீன் வாங்கினால் தேக்கிலையிலோ சேம்பிலையிலோ பொதிந்து வாழைநாரால் கட்டித் தருவார்கள். கட்டுமரத் தடிகளைக் கரையேறியதும் கட்டவிழ்த்துக் காயவைப்போம். வருடங்கள் போனால் தடி நீர் குடித்துக் கனத்துவிடும். அப்புறம் அது விறகு. அந்தக் காலத்தில் எங்கள் கரை சுத்தமாக இருந்ததற்கு நாங்கள் சுத்தக்காரர்கள் என்பது காரணம் இல்லை. வேண்டாததை எல்லாம் நாங்களும் கடலில்தான் எறிந்தோம். எறிந்தது எல்லாம் இற்றுப்போகிற சரக்கு, அவ்வளவுதான்.

எங்களுக்குக் கரையில் கிடைக்கிற பெரிய சொத்து கடல்நுரை. கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்கிற வெள்ளை ஓடு அது. கணவாய் செத்தபின் மிதந்து கரை சேரும். கையில் எடுத்தால் எடையே தெரியாது; நகத்தால் கீறினால் மாவாக உதிரும். காலையில் முதல் ஆளாகப் போனால் ஒரு நிக்கர் பை நிறையக் கிடைக்கும். கோட்டாறு நாட்டுமருந்துக் கடையில் எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள். இப்போது அந்தக் கரையில் தூரத்திலிருந்து வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் எனக்குள் இருக்கிற பையன் இன்றும் நடையை எட்டிப் போடுகிறான். கிட்டே போனால் தெர்மோகோல்.

1979ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. அப்பா ஒருநாள் மீனோடு ஒரு கேனையும் கொண்டுவந்தார். கடலில் மிதந்து வந்ததாம். பத்து லிட்டர் பிடிக்கும். உடம்பு வெள்ளை, மூடி நீலம். பக்கவாட்டில் எங்களுக்குப் புரியாத எழுத்து. பள்ளிக்கூட வாத்தியாரிடம் எடுத்துப் போனோம். “சீனமோ ஜப்பானோ” என்றார். கப்பலிலிருந்து விழுந்திருக்கும். அம்மை வெந்நீரும் சாம்பலும் போட்டு மூன்று தடவை கழுவினாள். அதுவரை கடலுக்குத் தண்ணீர் போனது மண்கலயத்தில். அலையில் மரம் ஒரு குலுக்குக் குலுக்கினால் கலயம் உடையும். ஆள் நாவறண்டு கரையேறுவார். கேன் வந்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. சொந்தத்தில் கல்யாணம் என்றால், “மயினி, கேன் இருந்தா தாங்க” என்று வந்து நிற்பார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பையன்கள் கடல்நுரையை விட்டுவிட்டுக் கேன் தேடினோம். அந்தக் கரையில் மாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பொருள் ஒதுங்கினால் பெரிய காரியம். ஒதுங்கினால் சண்டை நடக்கும்.

நைலான் வலையும் அப்படி ஆசையோடு வரவேற்கப்பட்டதுதான். இப்போது எழுதுகிறவர்கள் பழைய ஆட்கள் எல்லாம் நைலானை எதிர்த்ததுபோல எழுதுகிறார்கள். எங்கள் பாட்டாவைவிட அதைக் கண்டு மகிழ்ந்த ஆள் ஊரில் கிடையாது. சாயம் காய்ச்ச வேண்டாம். காயப்போட வேண்டாம். எடை பாதி, மீன் இரட்டி. பாட்டா வழக்கம்போல ஒரு கண்ணியைப் பெருவிரல்களில் மாட்டி இழுத்தார். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். நூல் விரலை அறுத்து ரத்தம் வந்தது. ரத்தத்தைச் சப்பிக்கொண்டே சிரித்தார். “லேய், இது எனக்க காலம் கழிஞ்சும் கெடக்கும்லே!”

அவர் சொன்னது பலித்தது.

நூல்வலை பாரில் சிக்கினால் வீட்டில் மூன்று நாள் துக்கம். பார் என்றால் கடலடிப் பாறை. மருந்துவாழ்மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்துக் கணியம் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். மீன் அடைகிற இடமும் அதுதான், வலை அறுகிற இடமும் அதுதான். பருத்தி வலை என்றால் சில மாதத்தில் கடலுக்கடியில் கிடந்து இற்றுவிடும். பாரில் மறுபடி மீன் நிற்கும். நைலானும் தங்கூசி நரம்பும் அப்படி இல்லை. உடையவன் கைவிட்ட பிறகும் வலை தொழில் செய்துகொண்டே இருக்கிறது. அதில் ஒரு மீன் மாட்டிச் சாகும். அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும். நண்டைத் தேடி இன்னொன்று. மீன்பிடிக்கிறவனும் இல்லை, தின்கிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை. பிடிப்பு மட்டும் நடக்கிறது. இதற்குப் பேய்வலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பசிபிக் பெருங்கடலில் சுழன்றுகொண்டிருக்கும் அந்தப் பெரிய குப்பைப் பரப்பை அளந்து 2018இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதில் எடையை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம் மீன்வலை. நகரத்துக்காரன் எறிந்த பையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. பாதி எங்கள் இனத்தின் கைச்சரக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம் சித்தப்பா மகன் கடலிலிருந்து ஒரு வலைப்பொதியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பச்சை, நீலம், நிறமில்லாத தங்கூசி என்று மூன்று வலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மூன்றும் எங்கள் ஊர் முடிச்சு இல்லை. எந்த ஊரில் அறுந்ததோ, எந்த நீரோட்டத்தில் சேர்ந்ததோ. உள்ளே ஒரு பங்குனி ஆமை. முட்டையிடக் கரைநோக்கி வந்ததாக இருக்கும். முன்துடுப்பில் நூல் இறங்கி, அதன்மேல் சதை வளர்ந்து மூடியிருந்தது. அப்படியானால் ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பல வாரமாக அந்தப் பொதியை இழுத்துக்கொண்டு நீந்தியிருக்கிறது. ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர். ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை எடையையும் தூக்கிக்கொண்டு அது மேலே வந்துபோயிருக்கிறது. தம்பி கத்தி நுனியால் நூல்நூலாக அறுத்தான். அரைமணி நேரம் ஆயிற்று. விட்டதும் அது ஒருபக்கமாகச் சாய்ந்துதான் நீந்தியது. கரையேறியதா, முட்டையிட்டதா என்று தெரியாது.

வலைக்குத் தப்பினால் பை. தண்ணீருக்குள் மிதக்கிற பாலிதீன் பை சொறிமீனைப் போலவே இருக்கும். ஆமைக்குச் சொறி என்றால் உயிர். அதன் தொண்டையைத் திறந்து பார்த்தால் உட்புறம் முழுக்க முள்முள்ளாக, எல்லாம் வயிற்றை நோக்கிச் சாய்ந்திருக்கும். வழுக்கிப் போகிற சொறி வெளியே நழுவாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாடுதான் இப்போது எமன். விழுங்கியது பை என்று தெரிந்தாலும் துப்ப முடியாது. வயிறு நிறைந்திருக்கும், பட்டினியில் சாகும்.

நெத்தோலியும் ஏமாறுகிறது. பழைய ஆட்கள் காற்றில் மூக்கை நீட்டியே மீன் கிடக்கிற திசையைச் சொல்வார்கள். மீனும் அப்படித்தான் வாடை பிடித்து இரை தேடுகிறது. கடலில் கொஞ்சநாள் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசி படிந்தால் அதற்கு இரையின் வாடை வந்துவிடுகிறது. அமெரிக்காவில் நெத்தோலி இனம் ஒன்றைத் தொட்டியில் விட்டு, பிளாஸ்டிக் ஊறிய நீரின் வாடையைக் காட்டினார்கள். இரையைக் கண்டதுபோலவே அந்த மீன்கள் கூடின. 2017இல் வெளிவந்த ஆய்வு அது. கண்ணையும் ஏமாற்றி மூக்கையும் ஏமாற்றுகிற பொருள் கடலுக்கு இதற்குமுன் பழக்கமில்லை.

மணக்குடிக் கரை எப்போது மாறியது என்று தேதி சொல்ல முடியாது. 1980களில் மோட்டாரும் ப்ளைவுட் வள்ளமும் வந்தன. கடவத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் தொட்டி பிடித்தது. தேக்கிலையின் இடத்தில் கறுப்புப் பை வந்தது. அந்தப் பையில் மீன் விற்றவர்களும் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பழையாற்றுப் பாலத்தையே தூக்கி எறிந்தது. ஊர் பிணம் பொறுக்கியது. அதற்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் வள்ளங்கள் நிறைந்தன. பொழி உடைகிற காலையில் ஆடுகள் இப்போதும் வருகின்றன. வாழைத்தடைக்கு நடுவே ஷாம்பு பாக்கெட், குளுக்கோஸ் பாட்டில், குழந்தைகளின் ஈரத்துணி, ஒற்றைச் செருப்பு. செருப்பு எப்போதும் ஒற்றைதான். நாகர்கோவில் வழியாகவும் சுசீந்திரம் வழியாகவும் வருகிற ஆறு எல்லார் வாசலையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டுகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது; மஞ்சப்பை திரும்ப வந்தது. ஆற்றின் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். எங்கள் மேற்குக் கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலை நாளிதழில் தினமும் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது இன்னொரு பக்கத்தில் ஒரு செய்தி. அதே புயல் வடக்கே போனபோது எழுந்த அலை, மும்பைக் கடற்கரைகளில் சுமார் 80 டன் குப்பையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. நான் அந்தச் செய்தியை அம்மையிடம் சொல்லவில்லை. கடல் எதைத் திருப்பித் தருகிறது, எதைத் தருவதில்லை என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பிறகு 2025. மே 25ஆம் தேதி கொச்சிக்கு வெளியே 640 கண்டெய்னர்களோடு ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் பிழைத்தார்கள். இடவப்பாதி மழை தொடங்கியிருந்த நேரம். அந்தப் பருவத்தில் கேரளக் கரையோர நீர் தெற்கு நோக்கி இழுக்கும். சில நாளில் குமரி மாவட்டக் கரைகளில் மூட்டைகள் ஒதுங்கத் தொடங்கின. கிழிந்த மூட்டைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக மணிகள். ஜூன் மாதம் நான் ஊருக்குப் போனபோது அலை ஏறி இறங்குகிற கோட்டில், காய்ந்த பாசியோடு பாசியாக அவை கிடந்தன. முதல் பார்வைக்குச் சவ்வரிசி. பாயசத்துக்கு ஊறவைத்ததை யாரோ கொட்டிவிட்டதுபோல. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று வாயில் போடப் போய், அதன் அம்மா கையைத் தட்டிவிட்டாள். மனிதக் குழந்தைக்கே அப்படித் தோன்றினால் மீனுக்குச் சினையென்று தோன்றாமல் இருக்குமா?

அந்த மணிதான் பிளாஸ்டிக்கின் விதை. தொழிற்சாலைகளுக்கு இப்படி மணியாகத்தான் போகிறது. அங்கே உருக்கிக் குடமாக, கயிறாக, பையாக வார்க்கிறார்கள். கடல்நீரில் கரைந்திருக்கிற நஞ்சுகளை இந்த மணிகள் தம்மேல் ஈர்த்து வைத்துக்கொள்ளும். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இதே மணி சுமார் 1,680 டன் கடலில் கலந்தது. நீர்கொழும்புப் பக்கம் மாதக்கணக்கில் மணலைச் சலித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொன்னவன் நான்.

இங்கேயும் சலிக்கத்தான் செய்தோம். தன்னார்வமாக வந்த பிள்ளைகள், மீன்வேலைக்குப் போகாத ஆண்கள், சுள்ளி பொறுக்குகிற வயதுள்ள பெண்கள். மாவு அரிக்கிற அரிப்பு ஈர மணலில் உடனே அடைத்துக்கொண்டது. ஆமையை விடுவித்த தம்பி ஒரு வழி கண்டான். அந்தத் தம்பி இப்போதெல்லாம் கடலில் அகப்படுகிற பையையும் பாட்டிலையும் ஒரு சாக்கில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருகிறவன். கொல்லம் நீண்டகரையில் 2017 முதல் படகுக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அந்தக் குப்பை சாலை போடக்கூடப் போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டுத் தொடங்கினானாம். அவன் வாளி நிறையக் கடல்நீர் எடுத்து மணலை அள்ளிப் போட்டான். மணல் அடியில் இறங்கியது; மணிகள் மேலே மிதந்தன. டீ வடிகட்டியால் அள்ளினோம். காலை முழுக்கக் குனிந்து எழுந்ததில் ஒரு முழம் அகலத்துக்குக் கரை தெளிந்தது. திரும்பிப் பார்த்தால் அடுத்த அலை கொஞ்சம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

அள்ளியதைப் போட ஏதாவது பாத்திரம் கேட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மைக்கு இப்போது எண்பதை நெருங்குகிற வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

“அடுக்களைச் சாய்ப்புல பழைய கேன் கெடக்கும் பாரு மக்கா.”

“எந்தக் கேன்?”

“அப்பா கடல்லேருந்து கொண்டாந்தது.”

“அது இன்னுமா இருக்கு?”

“அது எங்க இத்துப்போவப் போவுது.”

சாய்ப்புக்குள் விறகுக்குப் பின்னால் இருந்தது. வெள்ளை மஞ்சளித்திருந்தது. பக்கவாட்டு எழுத்து முழுக்கத் தேய்ந்துவிட்டது. சீனமா ஜப்பானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதைக் கொண்டுவந்த அப்பா இல்லை. அதைச் சுமந்த கட்டுமரம் அடுப்பில் எரிந்து பல காலம் ஆயிற்று. பாட்டாவின் கறுஞ்சிவப்பு வலைகள் எந்தத் தென்னை மூட்டில் போய்ச் சேர்ந்தனவோ. தூசி தட்டிக் கரைக்கு எடுத்துப் போனேன். ஊற்றியதும் மணிகள் உலர்ந்த அரிசிபோலச் சரசரவென்று உள்ளே இறங்கின. நீல மூடியைத் திருகினேன். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் கச்சிதமாகப் பொருந்தியது.